கனவில் திரும்பி வரும் வீடு: யுங்கின் விளக்கமும் நெய்வேலியின் கேள்வியும்

நெய்வேலிச் சுற்றுவட்டாரத்தில் முதியோரைச் சந்திக்கச் செல்லும் போதகர் எவரும் ஓராண்டு முடிவதற்குள் ஒரே கனவைப் பல வாய்களிலிருந்து கேட்டுவிடுவார். கனவு காண்பவர் ஒரு வீட்டிற்குள் நுழைகிறார். திண்ணை இருக்கிறது, நடை இருக்கிறது, தாழ்வாரத்தில் நெல் குதிர் இருக்கிறது. எல்லாம் வைத்தது வைத்தபடியே இருக்கின்றன. விழித்தபின், அந்த வீடு நாற்பது அல்லது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இடிக்கப்பட்டது என்பதும், அது நின்ற நிலமே இன்று இல்லை என்பதும் நினைவுக்கு வருகின்றன. சில நாள் கழித்து அதே கனவு மீண்டும் வருகிறது.

இக்கனவை நமக்குச் சொன்னோருள் ஒரு மூதாட்டியை நாம் மறப்பதற்கில்லை. “பழைய ஊடு கனாவுல வந்துகிட்டே இருக்குதுங்க ஐயா. அடுப்பு எரியுது. ஆரு மூட்டினாங்கன்னு தெரியல. தோட்டத்துக் கதவைத் தொறந்தா அந்தாண்ட ஒண்ணுமே இல்ல” என்றார் அவர். இது சாவுக்கு அறிகுறியோ என்பது அவருடைய அச்சம். உடன் வந்திருந்த இளம் போதகர், பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு என்னும் யோவான் 14-ஆம் அதிகாரத்தை நினைவூட்டி ஜெபித்தார். பிறிதொரு நாள் சென்ற, ஆற்றுப்படுத்தும் கலையில் பயிற்சி பெற்ற மற்றொருவர், கனவில் வரும் வீடு நம் உள்ளமே என்றும், திறந்து கிடக்கும் பின்கதவு முதுமையின் அச்சமே என்றும் விளக்கினாராம். இருவர் சொன்னதையும் அவர் மரியாதையோடு கேட்டிருக்கிறார். கேட்டபின் சொன்னது இதுதான்: “அந்த ஊட்டுக்கு ஆறு தூணுங்க ஐயா.”

அந்த ஆறு தூண்களுக்கு மேற்கூறிய இரு விளக்கங்களிலும் இடம் இல்லை. ஏன் இல்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். முதல் விளக்கத்தின் குறையைப் பின்னர்ப் பார்ப்போம். இரண்டாவது விளக்கம் அறிவியலின் மதிப்போடு வருவதாலும், நம் இறையியல் கல்லூரிகளில் போதகப் பணி கற்கும் மாணவர் பலர் அதனை ஐயமின்றி ஏற்றுக்கொள்வதாலும், அதன் மூலத்திற்கே சென்று நோக்குவது நன்று.

வீடு என்பது உள்ளம் என்னும் கருத்தின் மிகப் புகழ்பெற்ற சான்று கார்ல் குஸ்தாவ் யுங் 1909-இல் கண்ட ஒரு கனவு. அவர் 1961-இல் மறைந்தபின் வெளிவந்த தன்வரலாற்று நூலில் அது விரிவாகச் சொல்லப்படுகிறது. பிராய்டும் யுங்கும் அமெரிக்காவிலுள்ள கிளார்க் பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்றுக் கப்பலில் சென்ற ஆண்டு அது. இருவரும் நாள்தோறும் ஒருவர் கனவை மற்றவர் ஆராய்ந்து வந்தனர். கனவில் யுங் ஒரு மாடிவீட்டில் இருக்கிறார். அது தம் வீடே என்று உணர்கிறார். மேல்தளத்தில் 18-ஆம் நூற்றாண்டுப் பாணியிலமைந்த அழகிய அறைகலன்கள். கீழ்த்தளத்திற்கு இறங்கினால் 15 அல்லது 16-ஆம் நூற்றாண்டின் இருண்ட அறைகள், செங்கல் தரை. கனத்த கதவு ஒன்றைத் திறந்து கற்படிகளில் இறங்கினால் உரோமர் காலத்து நிலவறை. அதன் தரையிலுள்ள கற்பலகை ஒன்றில் வளையம் பதித்திருக்கிறது. அதைத் தூக்கினால் பாறையில் குடைந்த குகை, புழுதி, உடைந்த மட்கலங்கள், எலும்புகள், பாதி சிதைந்த இரண்டு மண்டையோடுகள். கனவு அவ்வளவில் முடிகிறது.

பிராய்டின் கண் மண்டையோடுகள்மேல் விழுந்தது. அவை யாருடையவை என்று விடாது வினவினார். யாருடைய சாவையோ யுங் விரும்புகிறார் என்பது அவர் கருத்து. யுங் தாம் நம்பாத விடையொன்றைச் சொன்னார்: தம் மனைவியும் மனைவியின் சகோதரியும் என்றார். பிராய்டு மனநிறைவு அடைந்தார். தாம் அன்று பொய் சொன்னதை யுங்கே ஒப்புக்கொள்கிறார். கனவு விளக்கத்தின் வரலாற்றில் இது சிறு நிகழ்ச்சியன்று. விளக்குபவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதையே சொல்லி அவரை அனுப்பிவைக்கும் பழக்கம் கனவு கண்டவர்க்கு உண்டு. நம் மூதாட்டியும் போதகர் இருவரையும் அவ்வாறே அனுப்பிவைத்தார் என நாம் ஐயுறுகிறோம்.

யுங் தமக்கென்று கண்ட விளக்கம் வேறு. மேல்தளம் விழிப்புநிலை மனம். கீழே செல்லச் செல்லத் தனிமனிதனுக்கு அப்பாற்பட்டதும், மாந்தர் அனைவர்க்கும் பொதுவானதுமான ஆழ்மனம். கூட்டு நனவிலி என்று அவர் பின்னர் வகுத்த கோட்பாட்டிற்கு இக்கனவே முதற்குறிப்பாய் அமைந்தது. பிராய்டு 1900-ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த தம் பெருநூலிலும் பின்னர் ஆற்றிய சொற்பொழிவுகளிலும் வீட்டை மனித உடலின் குறியீடாகக் கொண்டார். யுங் அதை உடலிலிருந்து உள்ளத்திற்கும், உள்ளத்திலிருந்து மனித இன முழுமைக்கும் விரித்தார். பிராய்டின் ஒடுங்கிய நோக்கோடு ஒப்பிட யுங்கின் விளக்கம் பெருந்தன்மை வாய்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் ஒரு செய்தியில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். வீடு என்பது வீடாகவே இருக்கக்கூடும் என்னும் எண்ணம் இருவர்க்கும் தோன்றவில்லை.

அதே நூலில் யுங் தமக்குத் திரும்பத் திரும்ப வந்த கனவுகளையும் குறிப்பிடுகிறார். தம் வீட்டை ஒட்டித் தாம் அறியாத மற்றொரு பகுதி இருப்பதாகப் பலமுறை கண்டார். நெடுங்காலம் அங்கேயே இருந்த ஒன்றைத் தாம் அறியாமற் போனது எங்ஙனம் என்று ஒவ்வொரு முறையும் வியந்தார். இறுதியில் அப்பகுதிக்குள் நுழைந்து, 16, 17-ஆம் நூற்றாண்டு நூல்கள் நிறைந்த நூலகம் ஒன்றைக் கண்டார். பழைய இரசவாத நூல்களில் தாம் பின்னர் ஈடுபட்டதற்கு இது முன்னறிவிப்பு என்பது அவர் முடிபு. விளக்கம் அழகியதே. ஆனால் கனவு கண்டவரின் நிலையையும் நாம் மறத்தல் ஆகாது. 1909-இல் யுங் குடியேறியது சூரிக் ஏரிக்கரையில் தாமே கட்டிய புதுமனையில். அவர் மனைவி செல்வக் குடும்பத்தின் மகள். 1923 முதல் போலிங்கனில் கல்லால் ஒரு கோபுர வீட்டைக் கட்டத் தொடங்கி, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதனோடு பகுதி பகுதியாகச் சேர்த்துக்கொண்டே போனார். அத்தகையவர் கனவில் வீடு விரிகிறது. புதிய அறைகள் திறக்கின்றன. கற்பலகையைத் தூக்கிக் கீழே இறங்கினாலும் மேல்தளத்திற்கு எவ்விதக் கேடும் இல்லை. ஆழத்தைத் தோண்டியபின் மீண்டும் மாடியேறி வந்து அமரலாம். உடைமை நிலைபெற்றோரின் கனவு இது. இதை மாந்தர் அனைவர்க்கும் பொதுவான கனவாக்கியதே யுங்கின் பிழை என்று நாம் கருதுகிறோம்.

வீட்டையும் உள்ளத்தையும் ஒன்றாகக் காண்பதற்குத் தமிழர் சூரிக் வரை செல்ல வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘அகம்’ என்றால் வீடு. ‘அகம்’ என்றால் உள்ளம். ‘அகம்’ என்றால் காதலைப் பாடும் பாட்டு. ‘இல்’ என்பது வீடு. அதிலிருந்தே இல்லாள், இல்லறம். ‘மனை’ என்பது நிலமும் வீடும், அதிலிருந்தே மனைவி. ‘வீடு’ என்னும் சொல்லோ வியப்புக்குரியது. ‘விடு’ என்னும் வினையடியாகப் பிறந்து, முதலில் விடுதலையைக் குறித்தது. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் வரிசையில் இன்றும் அப்பொருளே. மனிதன் தன்னைக் கட்டிக்கொள்ளும் நான்கு சுவர்களுக்கும், எல்லாக் கட்டும் அற்ற நிலைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்ட மொழி நம்முடையது. போதகர் யோவான் 14-ஐ வாசிக்கும்போது மூதாட்டியின் செவியில் இவ்விரு பொருளும் ஒருங்கே விழுகின்றன என்பதை நாம் உணர்கிறோமா?

ஆயினும் யுங்கிடம் இல்லாத ஒன்று தமிழ் அகமரபில் உண்டு. தொல்காப்பியர் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். முதற்பொருள் எனப்படுபவை நிலமும் பொழுதும். உரிப்பொருளாகிய உள்ளத்து உணர்ச்சி இறுதியிலேயே வருகிறது. நிலம் இல்லாமல் அகம் இல்லை. மலையின்றிக் குறிஞ்சியின் கூடலும், கடலின்றி நெய்தலின் இரங்கலும் பாடப்படுவதில்லை. இம்மரபில் நிலம் உள்ளத்தின் குறியீடாக மட்டும் நிற்பதன்று. உள்ளம் நிற்பதற்கான இடமே அதுதான். இன்னும் ஒன்று: ஐந்திணையுள் நடுவணதாகிய பாலைக்குத் தொல்காப்பியர் தனிநிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று பின்னர் இளங்கோவடிகள் காட்டினார். பாலையின் உரிப்பொருள் பிரிவு. சொந்த நிலமற்ற திணைக்குப் பிரிவை உரிமையாக்கிய அம்முன்னோர், நெய்வேலியைக் காணாமலே அதற்கொரு இலக்கணம் எழுதிவைத்தனர் போலும்.

நெய்வேலிக்கு வருவோம். இன்றைய கடலூர் மாவட்டம், 1993 வரை தென்னாற்காடு மாவட்டத்தின் பகுதி. முந்திரியும் பலாவும் செழித்த செம்மண் காடு. 1935-இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது மண்ணோடு வெளிப்பட்ட கரும்பொருளே பழுப்பு நிலக்கரி அறியப்படுவதற்கு வழிகோலியது என்பர். 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை அகற்றி நிலக்கரியின் முகத்தைக் காண 1961 ஆகஸ்ட் வரை ஆயிற்று. சோவியத் நாட்டின் ஒத்துழைப்போடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020-இல் ஓய்வு பெற்றது. இதற்கிடையில் ஊர்கள் பல அகன்றன. வேலுடையான்பட்டு என்னும் பழைய ஊர்ப்பெயர் இன்று நகரியத்திற்குள் ஒரு முருகன் கோயிலின் பெயராய் எஞ்சி நிற்கிறது. நிலம் எடுப்பது பழங்கதையும் அன்று. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின் நடுவே கால்வாய் வெட்டப்பட்ட காட்சியை நாடே கண்டது.

இச்சுரங்கத்தின் அமைப்பை யுங்கின் கனவோடு ஒப்பிட்டு நோக்குக. இங்கும் தளத்தின்கீழ்த் தளம் உண்டு. மேலே மண், அதன்கீழ் கடலூர் மணற்கல் எனப்படும் கடினமான படிவு, ஐம்பது மீட்டருக்கும் மேலான இம்மேல்மண்ணின்கீழ் நிலக்கரிப் படுகை. அதற்கும் கீழே குகையும் இல்லை, மண்டையோடுகளும் இல்லை. பேரழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கும் நிலத்தடி நீர் இருக்கிறது. நிலக்கரிமேல் உள்ள பாரத்தை நீக்கினால் அந்நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலெழும். ஆகையால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் இட்டு இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு நாள் நிறுத்தினாலும் இடர். யுங்கின் வீட்டில் ஆழத்திற்கு இறங்குவோர்க்கு மேல்தளம் நிலைத்திருக்கும். நெய்வேலியில் ஆழத்திற்கு இறங்க வேண்டுமாயின் முதலில் அகற்றப்படுவது மேல்தளமே. அங்கே வாழ்ந்தவர்க்குச் சுரங்கத்துறையார் வழங்கும் சொல்லும் ‘மேல்சுமை’ என்னும் கணக்கிலேயே அடங்கும். ஆழ்மனத்தைத் தோண்டுதல் என்னும் உவமையை ஆற்றுப்படுத்தும் அறைகளில் எளிதாக வழங்குகிறோம். நெய்வேலியாரிடம் அவ்வுவமையைச் சொல்லுமுன் சற்றே நாணுதல் தகும்.

வேறொரு வேறுபாடும் உண்டு. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபோதும் ஊர்கள் மூழ்கின. ஆயினும் நீர்மட்டம் பெரிதும் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கத்தில் பழைய நந்திச் சிலையும், ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளியே தெரிகின்றன. மக்கள் சென்று பார்த்துத் திரும்புகிறார்கள். நீர் மூடியதை வறட்சி திறந்து காட்டுகிறது. சுரங்கம் மூடுவதில்லை, எடுத்துவிடுகிறது. வீடு நின்ற இடம் முதலில் வெறும் ஆகாயமாகிறது. பின்பு வேறிடத்து மண் அங்கே கொட்டப்படுகிறது. அதன்மேல் மரம் நடப்படுகிறது. சென்று காண ஓரிடம் இல்லாதபோது அவ்வீடு எங்கே இருக்கும்? கனவைத் தவிர அதற்கு வேறு முகவரி இல்லை. திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இதுவேயாகலாம். தோட்டத்துக் கதவின் அப்பால் ஒன்றுமில்லை என்று மூதாட்டி கண்டதில் குறியீடு எதுவும் இல்லை. உள்ளதை உள்ளவாறே கண்டார்.

கனவு உள்ளதைச் சொல்லக்கூடும் என்பதை மேலைநாட்டாரும் சிலர் உணர்ந்தனர். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்க்கு அதே கொடிய காட்சி கனவில் மீண்டும் மீண்டும் வந்ததைக் கண்ட பிராய்டு, கனவெல்லாம் ஆசையின் நிறைவேற்றம் என்னும் தம் கோட்பாட்டிற்கு இது அடங்காது என்று 1920-இல் ஒப்புக்கொண்டார். பேரறிஞர் ஒருவர் தம் கோட்பாட்டின் எல்லையைத் தாமே காட்டியது போற்றற்குரியது. (1891 முதல் வாழ்ந்த வியன்னா வீட்டை 1938-இல் விட்டு அவரும் அகதியாய் இலண்டன் செல்ல நேர்ந்தது.) இன்னும் பொருத்தமானது சார்லோட்டெ பெராட் என்னும் பெண் இதழாளர் செய்த பணி. இட்லரின் ஆட்சியில் பெர்லினில் இருந்தபடியே ஏறத்தாழ முந்நூறு பேரின் கனவுகளை மறைவாகத் திரட்டி, நாட்டைவிட்டுக் கடத்தி, 1966-இல் நூலாக வெளியிட்டார். அதில் 1934-இல் ஒரு மருத்துவர் கண்ட கனவு: மாலையில் ஓய்வாகப் படித்துக்கொண்டிருக்கும்போது அவர் அறையின் சுவர்கள் திடீரென மறைகின்றன. அண்டை வீடுகளுக்கும் சுவர் இல்லை. சுவர்களை ஒழிக்கும் ஆணை பிறப்பிக்கப்பட்டுள்ளதாக ஒலிபெருக்கி முழங்குகிறது. இக்கனவை யுங்கின் வழியில் படித்தால் மருத்துவரின் தன்னுணர்வு எல்லை கரைகிறது என்போம். பெராட் அவ்வாறு படிக்கவில்லை. ஆட்சி வீட்டிற்குள் நுழைந்துவிட்டது என்று படித்தார். இரண்டில் எது உண்மையான வாசிப்பு என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

நேரு நெய்வேலியில் பணியைத் தொடங்கிவைத்த அதே 1957-இல் பிரெஞ்சு மெய்யியலாளர் காஸ்தோன் பஷ்லார் வீட்டின் கவிதையியல் பற்றிய தம் நூலை வெளியிட்டார். பிறந்த வீடு நம் உடலில் பழக்கமாகப் பதிந்து கிடக்கிறது. படியின் உயரத்தைக் கால் மறப்பதில்லை என்னும் அவர் கருத்து மூதாட்டியின் தூண்களுக்கு யுங்கைவிட நெருங்கி வருகிறது. ஆனால் அவர் ஆராய விரும்பியது இன்பம் தரும் இடங்களையே. இடிக்கப்பட்ட வீட்டை அவரிடம் தேடிப் பயனில்லை.

இதுகாறும் ஒரு பக்கத்தை மட்டுமே பேசினோம். நெய்வேலியில் வேறொரு வீட்டுக் கனவும் உண்டு. நகரியத்தின் வட்டங்களில், மரநிழல் சாலைகளின் ஓரத்தில், நிறுவனம் கட்டித் தந்த குவார்ட்டர்ஸ் வீடுகளில் பிறந்து வளர்ந்தோர் பல்லாயிரவர். தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளரின் பிள்ளைகள் அவர்கள். தந்தை ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். முப்பது ஆண்டு வாழ்ந்த வீட்டில் மறுமாதம் வேறொரு குடும்பம். அவர்களுக்கும் கனவில் வீடு வருகிறது. சாவி பொருந்தவில்லை, உள்ளே அயலார் இருக்கிறார்கள், முற்றத்து மாமரம் மட்டும் அடையாளம் காண்கிறது. அவ்வீடு இன்றும் நிற்கிறது, ஆனால் அவர்களுடையது அன்று; ஒருகாலும் அவர்களுடையதாய் இருந்ததும் அன்று. ஊர் இழந்தவரின் துயரும் குவார்ட்டர்ஸ் இழந்தவரின் துயரும் ஒன்றல்ல. ஒருவர் வீடு அகன்ற இடத்தில்தான் மற்றவருக்கு வேலை கிடைத்தது. இவ்விருவரும் ஞாயிறுதோறும் ஒரே ஆலயத்தில் அடுத்தடுத்து அமர்கின்றனர். ஒரே அப்பத்தில் பங்கு பெறுகின்றனர். கனவு விளக்கத்தைத் தனி அறைக்குள் அடைத்துத் தனிமனித உள்ளத்தின் செய்தியாக்கிவிட்டால், இவ்விரு கனவுகளும் ஒன்றையொன்று சந்திக்கவே மாட்டா. திருச்சபைக்கு அது வசதியாக இருக்கலாம்.

இழந்த ஊரைப் பொற்காலமாக்குதலும் தவறு. ஆறு தூண் வைத்த வீடு ஊருக்குள் இருந்தது. ஊருக்குப் புறத்தே சேரி இருந்தது. அங்கே தூண் இல்லை, திண்ணையும் இல்லை. ஊருக்குள்ளிருந்த திண்ணைகளில் அமர அங்கிருந்தோர்க்கு உரிமையும் இல்லை. நிலம் எடுப்புக்கு அடிப்படையாயிருந்த 1894-ஆம் ஆண்டுச் சட்டம் 2014 தொடங்கும் வரை நடப்பிலிருந்தது. பட்டா உடையவர்க்கே அதன்வழி நில இழப்பீடு பொருளுடையதாயிற்று. பிறர் நிலத்தில் கூலி செய்து வாழ்ந்தோர் இழந்த பிழைப்புக்கு அதன் கணக்கேட்டில் தக்க இடம் இல்லை. சேரியிலிருந்து வந்தவர்களுள் சிலர்க்கு நகரியத்தின் வரிசை வீடுதான் சாதி கேட்காத முதல் தெரு. அவர்களிடம் பழைய வீட்டின் கனவைப் பற்றிக் கேட்டால் வேறு விடை வரக்கூடும். அல்லது விடையே வாராது. கனவு காணத்தக்க வீடு ஒன்று இருந்தது என்பதே ஒரு சலுகையாயிருந்திருக்கலாம். மாந்தர் அனைவர்க்கும் பொதுவான ஆழ்மனம் என்னும் சொல்லைக் கையாளும்போது இவ்வேறுபாடு எங்கே ஒளிந்துகொள்கிறது என்பதை மாணவர் சிந்திக்க வேண்டும்.

இனி, இளம் போதகர் சொன்ன விடை. அவர் தவறானதொன்றைச் சொல்லவில்லை. ஆயின் அவர் சொன்னதன் விளைவு என்ன? மண்ணில் இழந்த வீட்டைப் பற்றிய முறையீடு விண்ணிலுள்ள வீட்டைப் பற்றிய ஏக்கமாக மாற்றப்பட்டது. யுங் கனவை உள்நோக்கித் திருப்பினார். போதகர் மேல்நோக்கித் திருப்பினார். சுற்றுமுற்றும் நோக்க இருவரும் இடம் தரவில்லை. மேலும், வேதத்தில் வீட்டைப் பற்றிப் பேசும் பகுதிகள் யோவான் 14 மட்டுமா? வீட்டோடு வீட்டைச் சேர்த்துக்கொள்வோர்க்கு ஐயோ என்ற ஏசாயா உண்டு. அநியாயமாய்க் கட்டிய வீட்டின் சுவரிலிருந்து கல் கூப்பிடும், உத்தரம் மறுமொழி சொல்லும் என்ற ஆபகூக் உண்டு. முன்னோரின் நிலத்தை விற்க மறுத்த நாபோத் உண்டு. இவை அடக்க ஆராதனைகளில் வாசிக்கப்படுவதில்லை.

எஸ்றா மூன்றாம் அதிகாரத்தின் இறுதிப் பகுதியை நாம் சிறப்பாகக் குறிப்பிட விரும்புகிறோம். சிறையிருப்பிலிருந்து திரும்பியோர் இரண்டாம் ஆலயத்திற்கு அஸ்திபாரம் இடுகிறார்கள். இளையோர் மகிழ்ந்து ஆர்ப்பரிக்கிறார்கள். முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியோரோ உரத்த சத்தமிட்டு அழுகிறார்கள். மகிழ்ச்சியின் சத்தம் எது, அழுகையின் சத்தம் எது என்று பகுத்தறிய முடியாமற் போயிற்று என்று எழுதியவர் முடிக்கிறார். முதியோரை அவர் கடிந்துகொள்ளவில்லை, தேற்றவும் இல்லை. புதிய வீடு எழும்புவதால் பழைய வீட்டின் இழப்பு நீங்கிவிட்டது என்று யாரும் அவர்களிடம் சொன்னதாகக் குறிப்பில்லை. மாற்றுக் குடியிருப்பில் மனை தந்தாயிற்றே, பின் ஏன் இன்னும் அழுகை என்று கேட்பவர்க்கு இப்பகுதியைக் காட்டலாம்.

ஆயினும் இப்பொருளில் வேதத்தின் தலைசிறந்த சான்று எசேக்கியேலே. அவர் ஓர் ஆசாரியர். தம் நாட்டிலிருந்து பெயர்க்கப்பட்டுக் கேபார் நதியண்டையில் சிறையிருந்தவர். தாங்கள் சிறைப்பட்ட 25-ஆம் ஆண்டிலும், நகரம் அழிந்த 14-ஆம் ஆண்டிலும் அவர் ஒரு தரிசனம் காண்கிறார். இல்லாமற்போன வீட்டிற்குள் கொண்டுபோகப்படுகிறார். அங்கே அவர் என்ன காண்கிறார்? அளவுகோல் பிடித்த ஒருவரைக் காண்கிறார். வாசலின் அகலம் இத்தனை முழம், தூணாதாரம் இத்தனை முழம், அறை இத்தனை கோல், படிகள் இத்தனை என்று மூன்று அதிகாரங்களுக்கு மேல் அளவுகளே செல்கின்றன. மாணவர் சலிப்போடு தாண்டிச் செல்லும் அதிகாரங்கள் இவை. நாமும் நம் மாணவப் பருவத்தில் தாண்டிச் சென்றோம். நெய்வேலி மூதாட்டியின் ஆறு தூண்களைக் கேட்டபின்தான் அவை விளங்கின. வீட்டை இழந்தவர் அதைச் சொல்லும் முறை இதுவே. உணர்ச்சிகளைச் சொல்வதில்லை, அளவுகளைச் சொல்கிறார். அளவு சொல்லப்படும்வரை அந்த வீடு முற்றும் அழியவில்லை.

இத்தரிசனம் அளவோடு நிற்கவும் இல்லை. 47-ஆம் அதிகாரத்தில் வீட்டின் வாசற்படியின் கீழிருந்து தண்ணீர் புறப்பட்டு, கணுக்கால், முழங்கால், இடுப்பு என உயர்ந்து, கடக்க முடியாத நதியாகிறது. நிலத்தின் அடியில் நீர் அடைபட்டுக் கிடக்கும் ஊரில் இதை வாசிப்பதற்கு ஒரு தனிப்பொருள் உண்டு. எனினும் நாம் முதன்மையாகக் கருதுவது அதற்கு முந்தின அதிகாரத்தின் 18-ஆம் வசனத்தை. அதிபதியானவன் ஜனங்களைக் கொடுமையினால் அவர்கள் காணியாட்சியிலிருந்து தள்ளி, அவர்கள் சுதந்தரத்தை எடுத்துக்கொள்ளலாகாது என்பது அதன் கருத்து. ஒரு வீட்டுக் கனவின் நடுவே நிலச்சட்டம் வந்து நிற்கிறது! உரைகாரர் பலர் இதைப் பிற்காலச் சேர்க்கை என்று எளிதில் ஒதுக்கிவிடுவர். சேர்க்கையேயாயினும், சேர்த்தவர்க்கு வீட்டின் அளவும் நிலத்தின் உரிமையும் ஒரே கனவின் இரு பகுதிகளாய்த் தோன்றின என்பது உறுதியாகிறது. யுங்கின் கனவு மண்டையோடுகளில் முடிந்தது. பிராய்டு யாருடையவை என்று கேட்டார். எசேக்கியேலின் கனவில் கேட்கப்படும் கேள்வி, நிலம் யாருடையது என்பது.

இதனால் கனவு கண்டோரையெல்லாம் போராட்டக் களத்திற்கு அழைத்துச் செல்லுங்கள் என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டியதில்லை. கனவைத் தேவனுடைய வார்த்தையாக்குவோரை எரேமியா 23-ஆம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். அக்கண்டனம் நமக்கும் உரியது. மின்சாரம் வேண்டாம் என்று சொல்லும் துணிவும் நமக்கில்லை. இக்கட்டுரை எழுதப்படும் விளக்கின் ஒளியில் நெய்வேலியின் பங்கும் இருக்கக்கூடும். நாம் வேண்டுவது சிறிது. கனவைச் சொல்பவரிடம் அதன் பொருளைச் சொல்ல விரையாது, வீட்டைப் பற்றிக் கேட்கலாம். எந்தத் திசை நோக்கிய வாசல், எத்தனை பேர் இருந்தீர்கள், கிணறு எங்கே, யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது, எந்த ஆண்டு நோட்டீஸ் வந்தது என்று கேட்கலாம். இத்தகைய கேள்விகள் ஆற்றுப்படுத்தும் கலையின் கையேடுகளில் காணப்படுவதில்லை.

நாம் மூன்றாம் முறை சென்றபோது அவ்வாறே கேட்டோம். மூதாட்டி திண்ணையின் நீளத்தைத் தரையில் கையால் அளந்து காட்டினார். போதாமையால் எழுந்து தெருவரை நடந்து காட்டினார். நான்கு தூண்கள் திண்ணையில், இரண்டு உள்ளே. உள்ளேயிருந்த ஒன்றில் பிள்ளைகளின் உயரத்தை ஆண்டுதோறும் கரியால் கோடிட்டு வைத்திருந்தாராம். அக்கோடுகள் கனவில் தெரிகின்றனவா என்று கேட்டோம். தெரிவதாகவும், இரண்டாவது மகனின் கோடு மட்டும் எப்போதும் ஒரு விரல் தாழ்வாகவே இருப்பதாகவும் சொன்னார். சாவைப் பற்றி அன்று அவர் கேட்கவில்லை.